மூஞ்சிக்கு நாப்பது, முழங்காலுக்கு எம்பது

இந்த வாரம் கோடிங், இன்டர்வியூ, சம்பளம் எதுவும் கிடையாது. சினிமா மட்டும்தான். அதுலயும் ஒரே ஒரு விஷயம்: எழுபது வயசைத் தாண்டின ஒரு நடிகரைக் கம்ப்யூட்டர் வச்சு இளவட்டமா மாத்தித் திரையில காட்டும்போது, பார்க்கிற நமக்குள்ள என்ன நடக்குது? டீ-ஏஜிங்னு சொல்றாங்களே, அது.

'கூலி' 2025 ஆகஸ்ட் 14 ரிலீஸ். மறுநாள் சுதந்திர தினம், அப்புறம் சனி, ஞாயிறு. அந்த லீவுக்கு நான் வேம்பார் வந்திருந்தேன். வேம்பார் தெரியாதவங்களுக்கு: தூத்துக்குடியில இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில ராமநாதபுரம் பக்கமா வந்தா, மாவட்டம் முடியப்போற இடத்துல இருக்கிற கடலோர ஊர். ஒரு காலத்துல முத்து. இப்ப மீன், கருப்பட்டி. படம் பார்க்கத் தூத்துக்குடிக்குப் போனோம். அத்தை, சித்தப்பா, சித்தி, நான், காலேஜ் மூணாவது வருஷம் படிக்கிற சித்தப்பா பையன். படத்துக்கு 'ஏ' சர்டிபிகேட்ங்கறதால அத்தையோட பேரனை வீட்டுல விட்டுட்டுப் போக வேண்டியதாப் போச்சு. அவன் அழுத அழுகை தனி எபிசோட்.

படம் எப்படின்னு கேட்டா, எனக்கு அரைகுறை. துறைமுகம், கடத்தல், கூலித் தொழிலாளி, செத்துப்போன நண்பன், பழி. ஒரு கேங்ஸ்டர் படத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கு, ஆனா கிட்டத்தட்ட மூணு மணி நேரத்துக்கு இழுத்துட்டாங்க. சௌபின் சாஹிர் மட்டும் இல்லைன்னா நான் பாதியில பாப்கார்ன் வாங்கப் போயிருப்பேன். ஆனா ஃப்ளாஷ்பேக்ல இளம் ரஜினி வந்தாரு பாருங்க, அப்ப தியேட்டர் வேற மாதிரி ஆயிடுச்சு. விசில், கத்தல், பின் சீட்ல யாரோ எங்க சீட்டை உதைக்கிறாங்க. அதுவரைக்கும் அமைதியா இருந்த அத்தை என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "ஏல, அப்படியே முள்ளும் மலரும் ரஜினில்லா!"

அந்தப் படம் வந்தது 1978. 'கூலி' வந்தப்ப ரஜினிக்கு 74 வயசு. அத்தை ஒரே செகண்ட்ல அந்த இடைவெளியைத் தாண்டிட்டாங்க.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா கேட்டார், "இது எப்படில பண்ணுதானுவ?" நான் இதுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தேன். லேப்டாப்பை டிவியில மாட்டி 'தி ஐரிஷ்மேன்' போட்டேன். மார்ட்டின் ஸ்கோர்சேசி எடுத்த கேங்ஸ்டர் படம், 2019, நெட்ஃபிளிக்ஸ்ல வந்தது. நீளம் 209 நிமிஷம். ராபர்ட் டி நீரோ, அல் பசினோ, ஜோ பெஸ்கி, மூணு பேருமே எழுபதைத் தாண்டினவங்க. கதையோ பல பத்து வருஷம் ஓடுது. வேற இளம் நடிகர்களைப் போடாம, இவங்களையே நடிக்க வச்சு முகத்தை மட்டும் கம்ப்யூட்டர்ல இளமையாக்கினாங்க.

வழக்கமா இந்த மாதிரி வேலைக்கு நடிகர் முகத்துல புள்ளி புள்ளியா ஒட்டுவாங்க, தலையில கேமரா மாட்டின ஹெல்மெட் வைப்பாங்க. அதெல்லாம் வச்சுக்கிட்டு நடிக்க முடியாதுன்னு அந்தப் படத்துல ஒதுக்கிட்டாங்க. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் கம்பெனியில பாப்லோ ஹெல்மன்ங்கறவரோட டீம் மூணு கேமராவை ஒண்ணா கட்டின ஒரு செட்டப் பண்ணாங்க. நடுவுல படம் பிடிக்கிற கேமரா, ரெண்டு பக்கமும் இன்ஃப்ராரெட் கேமரா. இன்ஃப்ராரெட் வெளிச்சம் நடுக் கேமராவுக்குத் தெரியாது, ஆனா பக்கத்துக் கேமராவுக்கு முகத்தோட மேடு பள்ளம் எல்லாம் நிழல் விழாம கிடைக்கும். அந்த டேட்டாவை வச்சு முகத்தோட முப்பரிமாண மாடல் செஞ்சு, அதை இளமையாக்கி மறுபடி ஒட்டுறது. இன்ஜினியரா எனக்கு அது கவிதை.

இதையெல்லாம் நான் விளக்கிக்கிட்டு இருக்கும்போதே மளிகைக் கடைக்காரன் சீன் வந்துடுச்சு. தன் பொண்ணைக் கடைக்காரன் தள்ளிவிட்டான்னு கேள்விப்பட்டு, டி நீரோ நேரா போய் அவனை வெளிய இழுத்துப் போட்டு, நடைபாதையில வச்சு உதைக்கிறார். அப்ப அந்தக் கேரக்டர் நடுவயசு ஆளு. சித்தப்பா ரெண்டு உதையைப் பார்த்தார், சிரிச்சார். "மூஞ்சிக்கு நாப்பது, முழங்காலுக்கு எம்பதுல. உதைக்கவா செய்யுதான், விழுந்துருவோம்னுல்லா பயப்படுதான்."

அந்தப் படம் வந்தப்ப உலகம் முழுக்க இதே துண்டு சீனைத்தான் ஷேர் பண்ணிச் சிரிச்சாங்க. படத்தை நாலு பாகமாப் பிரிச்சு, சீரியல் மாதிரி பாருங்கன்னு ஒருத்தர் டைம்டேபிள் போட்டது இன்னொரு வைரல். வீட்டுலயே உக்காந்து ஏ.ஐ. மென்பொருளை வச்சு, பல கோடி டாலர் பட்ஜெட் படத்தோட முகத்தையே திருத்திக் காட்டுறேன்னு யூடியூப்ல வீடியோ போட்டவங்களும் உண்டு. இன்னொரு பக்கம், முதல் அரைமணி நேரம்தான் உறுத்துச்சு, அப்புறம் மறந்தே போச்சுன்னு சொன்னவங்களும் நிறைய. ஆஸ்கர்ல பத்து நாமினேஷன், ஒண்ணு கூட ஜெயிக்கலை.

எல்லாரும் முகத்தைப் பத்தியே பேசினோம். சித்தப்பா நாப்பது வருஷமா போட்டுல போறவர். "கரையில இருந்து போட்டுல ஏறுதப்பவே தெரிஞ்சுரும்ல, எவனுக்கு எத்தனை வயசுன்னு. மூஞ்சியப் பாக்க வேண்டாம்"ன்னார். ஸ்கோர்சேசி டீமுக்கும் இது தெரியாம இல்லை. எப்படி எழுந்திருக்கணும், எப்படிப் படி இறங்கணும்னு நினைவுபடுத்தவே செட்ல ஒரு ஆளை வச்சிருந்தாங்க. முழங்கால் கேட்கலை, அவ்வளவுதான்.

அப்படின்னா 'கூலி'யில சித்தப்பா ஏன் சிரிக்கலை? கேட்டேன். "அது ரஜினில்லா"ன்னார். இதைவிட நல்ல பதில் எனக்கும் கிடைக்கலை, ஆனா கொஞ்சம் விரிச்சுப் பார்க்கலாம்.

முகம் மாத்துற ஏ.ஐ. எப்படி வேலை செய்யுதுன்னு ரொம்ப எளிமையா சொல்றேன். ஒரு ஆளோட ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கணும். நேரா, பக்கவாட்டுல, சிரிச்சு, முறைச்சு, வெயில்ல, இருட்டுல. முகபாவத்தைச் சுருக்கமா எண்களா மாத்துற பகுதி ஒண்ணு, அந்த எண்கள்ல இருந்து குறிப்பிட்ட ஆளோட முகத்தைத் திரும்ப வரையுற பகுதி ஒண்ணு. எந்த அளவுக்குப் படம் காட்டியிருக்கோமோ அந்த அளவுக்குத்தான் அதுக்கு அந்த ஆளைத் தெரியும்.

ரஜினி விஷயத்துல நம்ம தலைக்குள்ள இருக்கிறதும் அப்படிப் பழகின ஒண்ணுதான். கே டிவியில, சன் டிவியில, பஸ்ல, டீக்கடையில அந்த முகத்தை எத்தனை தடவை பார்த்திருப்போம்? ஃப்ளாஷ்பேக் ஓடினது கொஞ்ச நேரம்தான். திரையில குறையா இருந்ததை அத்தையோட மூளையே நிரப்பிக்கிச்சு. டி நீரோவுக்கு எங்க வீட்டுல அந்தக் கையிருப்பு இல்லை, அதனால தப்பு மட்டும் தெரிஞ்சுது. அமெரிக்காவுல 'டாக்ஸி டிரைவர்' பார்த்து வளர்ந்தவங்களுக்கு வேற மாதிரி தெரிஞ்சிருக்கும்.

ஆனா இந்தக் கையிருப்பு எதிராவும் திரும்பும். 'தி கோட்' ஞாபகம் இருக்கா? வெங்கட் பிரபு படம், விஜய் அப்பாவாவும் மகனாவும். மகன் கேரக்டருக்கு விஜய்யை இளமையாக்க லாஸ் ஏஞ்சலஸ் போய் ஸ்கேன் எடுத்தாங்க, லோலா கம்பெனி வேலை செஞ்சுது. 2024 ஆகஸ்ட் 3 'ஸ்பார்க்' பாட்டு வெளியானப்ப இணையம் பொறிஞ்சு தள்ளிடுச்சு. காரணம் சிம்பிள். 'பூவே உனக்காக', 'காதலுக்கு மரியாதை' விஜய்யை நமக்கு மனப்பாடமாத் தெரியும். பாட்டுல இருந்தது விஜய்யோட தூரத்துச் சொந்தக்காரப் பையன். செப்டம்பர் 5 படம் வந்தப்ப முகம் மாறியிருந்துச்சு. விமர்சனத்தைப் பார்த்து மாத்தினோம்னு வெங்கட் பிரபுவே பேட்டியில சொன்னார். எங்க பாஷையில சொன்னா, ரசிகர்கள் ஓசியில டெஸ்டிங் பண்ணிக் கொடுத்தாங்க. தப்பு எங்கேன்னு சொல்ல லட்சம் பேர் இருந்தாங்க, அதனால திருத்த முடிஞ்சுது.

அதே படத்துல விஜயகாந்த் வருவார். 2023 டிசம்பர் 28 இறந்துபோனவர், குடும்பத்தோட அனுமதியோட ஏ.ஐ. மூலமாத் திரும்ப வந்தார். அங்க யாரும் முகத்துல பிழை தேடலை, கை தட்டினாங்க. நானும் தட்டினேன். அப்ப எனக்கு எதுவும் உறுத்தலை. உறுத்தினது எங்க வீட்டுக்குள்ள அதே விஷயம் நடந்தப்பதான்.

எங்க தாத்தா சங்கு குளிச்சவர். மன்னார் வளைகுடாவுல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. அப்ப அவருக்கு இருபது வயசு இருக்கும். அதுக்கப்புறம் முத்து இல்லை, சங்குதான். தண்ணிக்குள்ள பத்து மீட்டர் போனாலே மேல இருக்கிற காத்தழுத்தத்தை மாதிரி இரண்டு மடங்கு அழுத்தம். பழைய காலத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்குவாங்க, ஒரு நாளைக்குப் பல தடவை. காதுச் சவ்வு எத்தனை நாள் தாங்கும்? தாத்தாவுக்கு வலது காது சுத்தமா அவுட்.

அவரோட போட்டோன்னு பார்த்தா, கல்யாணப் படம் ஒண்ணு, வாக்காளர் அட்டை ஒண்ணு. அவ்வளவுதான். அவரோட நினைவு நாளுக்கு, 'கூலி' பார்த்த சூட்டோட, தம்பி ஒரு ஆப்ல அந்தக் கல்யாணப் படத்தைப் போட்டு வீடியோ பண்ணிட்டான். இருபது வயசுத் தாத்தா கடற்கரையில நின்னு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். பார்த்ததும் எனக்கே தொண்டை அடைச்சுது. சித்தி அழுதுட்டாங்க.

ஆச்சி போனைக் கிட்ட வாங்கிப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"யாருல இது? அவுக இப்படி நேராவா பாப்பாவ? இடது காத முன்னால கொடுத்து, தலையச் சாச்சுல்லா நிப்பாவ."

யாருக்கும் பேச்சு இல்லை. ஒரு நிமிஷம் கழிச்சு ஆச்சியே சொன்னாங்க, "சரி, இன்னொருக்கப் போடு."

எனக்கு அன்னைக்குத் தூக்கம் வரலை. ரஜினி முகத்துல தப்பு இருந்தா சரிபார்க்க நூத்தி எழுபது படம் இருக்கு. விஜய்க்கு லட்சக்கணக்கான ரசிகர்கள். எங்க தாத்தாவுக்கு ஆச்சி ஒருத்தங்கதான், வயசு எண்பத்தி ரெண்டு. அத்தை பேரனுக்குத் தாத்தாவைத் தெரியாது. அவனுக்கு இனிமே தாத்தான்னா அந்த வீடியோதான்: ரெண்டு காதும் நல்லாக் கேட்கிற, நேராப் பார்த்துச் சிரிக்கிற ஒரு ஆளு. நாப்பது வருஷம் தண்ணிக்குள்ள இருந்ததுக்கு உடம்புல மிஞ்சின ஒரே அத்தாட்சி அந்தத் தலைச் சாய்ப்பு. ஆப் அதைக் குறைன்னு நினைச்சு நீக்கலை. போட்டோவுல அது இல்லவே இல்லை. கல்யாணத்தன்னைக்கு போட்டோகிராபர் தலையை நேரா வைங்கன்னு சொல்லியிருப்பார்.

தம்பியை நான் திட்டலை. அவன் செஞ்சது பாசத்துல. இதையெல்லாம் தடை பண்ணணும்னும் எனக்குத் தோணலை. ஆச்சி இன்னும் தினமும் அந்த வீடியோவைப் போடச் சொல்றாங்க, திட்டிக்கிட்டே பார்க்கிறாங்க.

தம்பி திருத்தியும் பார்த்தான். தலையைச் சாய்க்கணும், இடது காது முன்னால வரணும்னு எழுதிக் கொடுத்தான். வந்த வீடியோவுல வலது காது முன்னால இருந்துச்சு. இந்த ஆப்களுக்கு இடது வலது குழம்புறது சகஜம். மறுபடி முயற்சி பண்ணுறேன்னு சொல்லியிருக்கான். ஆச்சியைப் பக்கத்துல உக்கார வச்சு, தாத்தா எப்படி உக்காருவார், எப்படி இருமுவார், வலையைத் தோள்ல எந்தப் பக்கம் போடுவார்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கான். ரெக்கார்ட் நோட்டு கூட எழுதாத பையன்.

நான் பெங்களூர் கிளம்பின அன்னைக்குக் காலையில ஆச்சி தண்ணிக் குடத்தோட வந்ததை வீடியோ எடுத்தேன். முகம் சரியாத் தெரியலை, வெயில் பின்னால இருந்துச்சு. நடை நல்லாத் தெரியுது.

உங்க வீட்டுல யாராவது இப்படி வீடியோ பண்ணிப் பெரியவங்ககிட்டக் காட்டியிருந்தீங்கன்னா, அவங்க முதல்ல என்ன சொன்னாங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. முகத்தைப் பத்திச் சொன்னாங்களா, வேற எதையாவது சொன்னாங்களான்னு கேட்க ஆசை. அனுமதி கொடுத்தீங்கன்னா ஒரு எபிசோட்ல போடுறேன். அடுத்த வாரம் பழைய ரூட்டுக்கே திரும்பிடலாம், வேலை மாறும்போது நோட்டீஸ் பீரியட் பத்தி.