பொருள் தேடும் இருவர்

கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் நாளேட்டின் பொருளாதாரச் செய்தியாளரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றக்கூடும். தமிழ் இதற்கு ஒரே சொல்லில் விடை வைத்திருக்கிறது. சொல்லுக்குள் இருப்பதும் பொருள்; பெட்டிக்குள் இருப்பதும் பொருள். கவிஞரும் செய்தியாளரும் பொருள் தேடுகிறவர்களே. ஒருவர் சொல்லைத் தட்டிப் பார்க்கிறார். மற்றவர் எண்ணைத் தட்டிப் பார்க்கிறார். உள்ளே வெறுமையாக இருந்தால் இரண்டும் ஒரே ஓசைதான் தரும்.

இந்தப் பணிக்குத் தமிழ்நாட்டில் நீண்ட மரபு உண்டு. 1878இல் நண்பர்களுடன் சேர்ந்து 'தி இந்து'வைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர், 1882இல் 'சுதேசமித்திர'னையும் தொடங்கினார். 1897இல் இலண்டன் சென்று, இந்தியாவின் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி குழுவின் முன் சாட்சியம் அளித்தார். ஆங்கில ஆட்சியின் பொருளாதாரக் கூறுகளைப் பற்றி 1903இல் நூலொன்று வெளியிட்டார். நிலவரி, உப்பு வரி, நாட்டை விட்டு வெளியேறும் செல்வம் ஆகியவற்றைத் தமிழில் எழுதவேண்டுமானால், அதற்குரிய தமிழையும் தேடியாக வேண்டும். அந்தச் சுதேசமித்திரனில்தான் 1904இல் உதவியாசிரியராகச் சேர்ந்தார் பாரதியார். நாள்தோறும் தந்திச் செய்திகளை மொழிபெயர்த்த கைதான் கவிதையும் எழுதியது. இரண்டு பணிகளுக்கும் இடையே சுவர் இருந்ததில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பெரிய நாளேடொன்றில் பொருளாதாரச் செய்தியாளரின் அன்றாடப் பணி வெளியே தெரிகிற அளவுக்கு எளிதன்று. வரவு-செலவுத் திட்ட நாளில் கட்டுக்கட்டாக வரும் ஆவணங்களைச் சில மணி நேரத்தில் படித்து முடிக்க வேண்டும். விலைவாசிக் குறியீடு இறங்கியது என்றால் விலை இறங்கிவிட்டதாகப் பொருளன்று என்பதை அறிந்திருக்க வேண்டும். 1991இல் தாராளமயக் கொள்கை வந்தபின் வணிகப் பக்கங்கள் பெருகின. பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கம் முதற்பக்கத்திற்கே வந்தது. ஆனால் பக்கம் பெருகியபோது பார்வையும் பெருகியதா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியைத் தம் கால்களால் கேட்டவர் சென்னையில் பிறந்த பி. சாய்நாத். 1993இல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' வழங்கிய நல்கையைப் பெற்று, நாட்டின் மிக வறிய மாவட்டங்களுக்குச் சென்றார். இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அவற்றுள் அடங்கும். அந்தக் கட்டுரைகள் 1996இல் நூலாயின. பனையேறி ஒருவர் ஒரே நாளில் ஏறி இறங்கும் உயரத்தை அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிகளாக மாற்றிக் காட்டினார். கூலி இவ்வளவு என்று மட்டும் எழுதியிருந்தால் அது புள்ளிவிவரம். மாடிகளாக எண்ணியதும் படிப்பவரின் முழங்கால் வலித்தது. கவிஞர்கள் இதை உவமை என்பார்கள். பின்னர் 2004 முதல் 2014 வரை, சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய அதே 'தி இந்து'வில் ஊரகச் செய்திகளுக்கு ஆசிரியராக இருந்தார்; 2007இல் மகசேசே விருது பெற்றார்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பழனிமலை ஏறலாம். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் விளையும் மலைப்பூண்டு கீழே வடுகபட்டிச் சந்தைக்கு வந்து விலை காண்கிறது. சந்தை விலையை எழுதுவது செய்தி. அந்த விலையில் விதைப்பூண்டுக்கும் வண்டிக்கும் தரகுக்கும் எவ்வளவு போயிற்று, விளைவித்தவர் கையில் எவ்வளவு நின்றது என்று எழுதுவது பொருளாதாரச் செய்தி. விருப்பாச்சி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. முடிக்கொத்து நோயால் தோட்டங்களை இழந்த குடும்பங்களின் கதையும் அந்தக் குறியீட்டோடு சேர்ந்தே வரவேண்டும்.

மலையின் கடினமான பாடம் கோடைக்கானலின் வெப்பமானித் தொழிற்சாலை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் மூடப்பட்ட ஆலையின் இயந்திரங்கள் கடல் கடந்து வந்தன. 1983இல் பாண்ட்ஸ் நிறுவனம் இங்கே ஆலையை நிறுவியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. செய்த பொருள் முழுவதும் ஏற்றுமதிக்கே. இத்தகைய ஆலையை வணிகப் பக்கம் அளக்கும் முறை எல்லோரும் அறிந்ததே: முதலீடு, வேலைவாய்ப்பு, அந்நியச் செலாவணி. மூன்று கட்டங்களிலும் நல்ல எண்களே நிரம்பும். நான்காவது கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

அந்த நான்காவது கட்டம் 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் திறந்தது. பாதரசம் தோய்ந்த உடைந்த கண்ணாடி அங்கே டன் கணக்கில் கிடந்ததை ஊர்மக்களும் சூழலியலாளரும் வெளிப்படுத்தினர். ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. பாம்பாறு சோலையை ஒட்டிய ஆலை நிலத்தின் மண் அப்படித் திரும்பிச் செல்ல இயலாதது.

தங்கள் உடல்நலம் கெட்டதற்கு ஆலையே காரணம் என்று தொழிலாளர்கள் வழக்காடினர். அவ்வாறு கேடு எதுவும் நேரவில்லை என்பது நிறுவனத்தின் நிலை. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. தொகை வெளியிடப்படவில்லை. எண்ணையே தொழிலாகக் கொண்ட செய்தியாளரின் ஏட்டில் அந்த ஓரிடம் வெற்றிடமாக நிற்கிறது.

மண்ணைத் தூய்மை செய்வதிலும் ஓர் எண் வந்து நின்றது: ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்னும் அளவு. வேறு நாடுகளில் இதைவிடக் கடுமையான அளவு கேட்கப்படும் என்று சூழலியலாளர்கள் வாதிட்டனர். இருபது என்பது கணிதத்தில் ஓர் எண்தான். ஆனால் ஒரு மலையின் மண்ணுக்கு அது விதிக்கப்படும்போது, அந்த மண்ணில் வாழ்வோரின் மதிப்பையும் சேர்த்தே விதிக்கிறது. அதை யார் வகுத்தார், யாருக்காக வகுத்தார் என்று கேட்பதுதான் பொருளாதாரச் செய்தியாளரின் வேலை.

இந்த வேலையை இதே மலையில் முதலில் செய்தவர்கள் புலவர்கள் என்பதைச் சொல்லி நிறைவு செய்வது பொருந்தும். இம்மலை அன்று பொதினி. ஆண்டவன் ஆவியர் குடியின் பேகன். மயிலுக்குப் போர்வை தந்த அவன் கொடையை உலகமே அறியும். அந்தக் கொடை, ஏட்டில் நல்ல எண். ஆனால் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என நால்வர் அவன் வாயிலில் நின்று பாடியது வேறொன்றை. அவன் துறந்த மனைவி கண்ணகியின் கண்ணீரைப் பாடினர். பசித்து வரவில்லை, பரிசிலும் வேண்டாம், அவள் துயரைத் தீர்ப்பதே வேண்டும் பரிசில் என்று கேட்டனர். புறநானூற்றின் 143 முதல் 147 வரையிலான பாடல்கள் இதற்குச் சான்று.

பரிசில் பெற வந்த இடத்தில், பரிசில் தருபவனின் கணக்கில் எழுதப்படாத துயரை அவன் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு அவர்களுக்கு இருந்தது. விளம்பரமும் விருந்தும் தரும் வாயிலில் நிற்கும் செய்தியாளருக்கு வேண்டியதும் அதே துணிவுதான்.

2018இல் இம்மலையில் குறிஞ்சி பூத்தது. அடுத்த பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. அன்று எத்தனை வண்டிகள் மலையேறின, விடுதிகள் எவ்வளவு ஈட்டின என்று செய்தி வரும், வரவேண்டியதுதான். அந்த மலரைத் தாங்கும் மண்ணின் கணக்கும் அதன் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும். செய்தியாளர் அதை எண்ணால் எழுதட்டும். அவர் எழுதத் தவறினால், எழுதும் கடமை பொதினிப் புலவர்களின் வழிவந்த இந்த அவைக்கு உண்டு.