பிறவியா, பரம்பரையா?

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனை ஊழியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வழக்கமாக இக்கூடுகையில் கட்டிடம், கருவி, படுக்கை என்று கணக்குச் சொல்லுவோம். இம்முறை ஒரே ஒரு வார்த்தையைக் குறித்துப் பேச விரும்புகிறோம். அந்த வார்த்தையில் நாங்கள் தவறினோம். அதன் பாரத்தை ஒரு தாய் சுமந்தாள்.

சில வருடங்களுக்கு முன், ஒரு மாதக் கைக்குழந்தையுடன் ஓர் இளம் தாய் வந்தாள். குழந்தையின் இரு கண்களிலும் கருவிழியின் நடுவே வெண்மை தெரிந்தது. டாக்டர் சீட்டில் ‘கன்ஜெனிட்டல் காட்டராக்ட்’ என்று எழுதி, சீக்கிரமே ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார். அதைத் தமிழில் விளக்கிய எங்கள் ஊழியர், “இது பரம்பரைக் கண்புரை அம்மா” என்று சொல்லிவிட்டார். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. நாங்கள் எல்லாருமே அப்படித்தான் சொல்லிப் பழகியிருந்தோம்.

கூட வந்த மாமியார் அதைக் கேட்டார். “எங்க வம்சத்துல கண்ணு தெரியாதவங்க ஒருத்தரும் இல்லையே. அப்போ இது உங்க வீட்டு வியாதிதானே?” என்றார். தாயும் பிள்ளையும் பிறந்தகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவளுடைய தங்கைக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தமும் நின்றுபோயிற்று. பரம்பரையாய் வந்ததை வைத்தியம் மாற்றுமா என்று எண்ணி, குழந்தையை ஒருவரும் திரும்பக் கொண்டுவரவில்லை. மூன்று மாதம் கழித்து எங்கள் கிராம சுகாதாரப் பணியாளர்தான் தேடிப்போய் அழைத்து வந்தார். பச்சிளங்குழந்தையின் கண்ணுக்குள் ஒளி சரியாகப் போகாவிட்டால் மூளை பார்க்கக் கற்றுக்கொள்வதில்லை. ஆகவே அந்த மூன்று மாதம் பெரிய நஷ்டம்.

அப்போதுதான் நிதானமாக விசாரித்தோம். கர்ப்பத்தின் இரண்டாம் மாதத்தில் காய்ச்சலும், மணல்வாரி போன்ற தடிப்பும் வந்ததாகத் தாய் சொன்னாள். இரத்தப் பரிசோதனையில் ருபெல்லா என்று தெரிந்தது. வம்சத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அன்பானவர்களே, ஆங்கிலத்தில் இதற்கு அருகருகே பல சொற்கள் உண்டு. ‘கன்ஜெனிட்டல்’ என்பது ‘கூடவே பிறந்தது’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிறக்கும்போதே இருந்தது என்பதை மட்டும் அது சொல்லும். ஏன் வந்தது என்று சொல்லாது. ‘ஹெரிடிட்டரி’ என்பது வாரிசு என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவது அது. ஹன்டிங்டன் நோய் அப்படிப்பட்டது. ஆனால் பெரும்பாலும் 30 வயதுக்கு மேல்தான் வெளிப்படும். ‘ஜெனட்டிக்’ என்றால் மரபணுவிலோ குரோமோசோமிலோ உள்ளது. டவுன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு ஒரு குரோமோசோம் அதிகம் என்று 1959-ல் பாரிஸிலிருந்து லெஜூன் குழுவினர் அறிவித்தார்கள். அது மரபணு சார்ந்ததுதான், பிறக்கும்போதே இருப்பதுதான். ஆனாலும் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து இறங்கியதல்ல.

‘இன்பார்ன்’ என்ற சொல்லை 1908-ல் லண்டனில் டாக்டர் காரட் தம் சொற்பொழிவுகளில், உடலின் இரசாயன மாற்றங்களில் உள்ள குறைகளுக்குப் பயன்படுத்தினார். ‘இன்னேட்’ என்பதைக் கூடப்பிறந்த திறமைக்கும், உடலின் இயல்பான நோய் எதிர்ப்புக்கும் சொல்லுகிறோம். ‘இன்ஹெரன்ட்’ என்பது பிறப்பைப் பற்றியதே அல்ல. ஒரு பொருளின் தன்மையிலேயே அடங்கியிருப்பது அது; ஆபரேஷன் என்றால் அதில் கொஞ்சம் ஆபத்து அடங்கியிருப்பதுபோல.

1941-ல் சிட்னி நகரக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்புரையுடன் பிறந்த 78 குழந்தைகளைக் குறித்து எழுதினார். அவர்களுடைய தாய்மாரில் பெரும்பாலானோருக்குக் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ருபெல்லா வந்திருந்ததைக் கண்டார். பரம்பரை என்று சொல்லி அவர் விசாரிப்பதை நிறுத்தியிருந்தால் இது தெரியவந்திராது. காரணம் தெரிந்தபடியால் பின்னாளில் தடுப்பூசி வந்தபோது அதை யாருக்குப் போடவேண்டும் என்பதும் தெரிந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது.

இப்போது எங்கள் சீட்டில் ‘பிறக்கும்போதே இருந்தது’ என்று தமிழிலும் எழுதுகிறோம். ‘பிறவி நோய்’ என்று சுருக்கமாகச் சொல்லலாம்தான். ஆனால் சிலர் அதை முற்பிறவியின் பாவம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். காரணம் தெரிந்தால் அடுத்த வரியில் எழுதுகிறோம். தெரியாவிட்டால், ‘காரணம் இன்னும் தெரியவில்லை’ என்றே எழுதுகிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பரம்பரை என்றே முடிவானாலும் அது யாருடைய குற்றமும் அல்ல. டாக்டர் காரட் சொன்ன குறைகளில் மிகுதியானவை, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பங்கு சேரும்போதுதான் வருகின்றன. தாயை மட்டும் குற்றஞ்சாட்ட வைத்தியத்தில் இடமில்லை. வேதத்திலும் இடமில்லை. யோவான் 9-ம் அதிகாரத்தில், பிறவிக்குருடனைக் கண்டு இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டதையும், ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டதையும் அறிவீர்கள்.

அந்தக் குழந்தை இப்போது தடித்த கண்ணாடி போட்டுப் பள்ளிக்குப் போகிறான். கரும்பலகை தெரியவேண்டுமானால் முன் பெஞ்சில்தான் உட்காரவேண்டும். காரணத்தை விளக்கிச் சொன்னபிறகு தகப்பன் வந்து மனைவியையும் பிள்ளையையும் அழைத்துப்போனார். தங்கையின் சம்பந்தம் திரும்பி வரவில்லை. சென்ற மாதம் கண் பரிசோதனைக்கு வந்தபோது அந்தத் தாய் சொன்னாள்: “அன்னைக்கே இப்படி எழுதிக் குடுத்திருந்தா, அந்தச் சீட்டை எங்க அத்தைகிட்ட காட்டியிருப்பேனே, டாக்டர்.”

உங்கள் சபையிலும் தெருவிலும் இப்படிப் பிறந்த பிள்ளைகள் உண்டு. அடுத்த முறை ஒருவர் “குடும்ப வியாதி” என்று சொல்லும்போது, “டாக்டர் அப்படித்தான் சொன்னாரா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதுவும் எங்களுக்கு நீங்கள் தரும் காணிக்கையே.

ஊழியத்தில் உங்களோடு இணைந்த,
மருத்துவமனை ஊழியர்கள்