பாடுகிறவருக்கு ஒரு பங்கு



இந்தப் பட்டமளிப்பு அரங்கில் வேளாண்மை, பொறியியல், மருத்துவம், வணிகவியல் படித்தவர்கள் நிறைந்திருக்கிறீர்கள். இசை படித்தவர்கள் ஒரு சிறு வரிசை. நான் பேச வந்தது இசையைப் பற்றித்தான். ஆனாலும் இந்த உரை முதலில் மற்றவர்களுக்கு. நாளை ஒரு பல்கலைக்கழகத்தின் நிதிக்குழுவில் இசைத்துறைக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற கோப்பு வரும்போது, அதில் கையெழுத்துப் போடுபவர் பெரும்பாலும் பாடகராக இருக்க மாட்டார். உங்களில் ஒருவராக இருப்பார். இசைக்குப் பணம் எங்கே தேவைப்படுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் மண்ணில் இதற்கு ஆயிரம் ஆண்டுப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். அதே கோயிலின் கல்வெட்டுகளைக் குனிந்து படித்தால் வேறொன்று தெரியும். திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேரை இராசராசன் நியமித்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். ஆடற்பணிக்கு வந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் தனித்தனியே வீடும் நெற்பங்கும் உண்டு. இதற்கு மேல் வருவதுதான் என்னை வியக்க வைக்கிறது. பாடுபவர் ஒருவர் இறந்துவிட்டாலோ ஊரைவிட்டுப் போய்விட்டாலோ, அவருடைய நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுக்கொண்டு அந்தப் பணியைச் செய்ய வேண்டும். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும். உறவினரே இல்லையென்றால், பணியில் இருக்கும் மற்றவர்கள் கூடித் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று புகழ எனக்கு மனம் வராது. அந்தப் பெண்கள் பல ஊர்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்கள் விருப்பத்தோடு வந்தார்களா என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. ஆனாலும் கோயிலைக் கட்டி முடித்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று அந்த அரசு நினைக்கவில்லை. பாட்டு நின்றுபோகாமல் இருக்க, பாடுகிறவருக்குச் சோறும், அவருக்குப் பின் வருகிறவருக்கு இடமும் வேண்டும் என்று கல்லில் எழுதி வைத்தது.

இந்தச் சிதம்பரத்தில் அதே எண்ணத்தைப் புதிய காலத்துக்குக் கொண்டுவந்தவர் இராசா சர் அண்ணாமலைச் செட்டியார். அவர் நிறுவிய இந்தப் பல்கலைக்கழகம் உருவான 1929ஆம் ஆண்டிலேயே இங்கே இசைக் கல்லூரியும் பிறந்தது. சபேச ஐயர், டைகர் வரதாச்சாரியார், தஞ்சை நால்வர் வழிவந்த பொன்னையா பிள்ளை, பின்னாளில் இசையரசு தண்டபாணி தேசிகர் என்று எப்பேர்ப்பட்டவர்கள் இங்கே வகுப்பெடுத்தார்கள்! கச்சேரி கிடைத்தால்தான் அடுப்பெரியும் என்றிருந்த காலத்தில் ஒரு வித்வானுக்கு மாதச் சம்பளமும், கற்றுக்கொடுக்க மாணவர்களும், ஆராய நேரமும் கிடைத்தன.

1941 ஆகஸ்டில் தமிழிசை மாநாடு இங்கேதான் கூடியது. அப்போது கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் கடைசித் துக்கடா. தமிழில் பாட வேண்டும் என்று மாநாட்டில் தீர்மானம் போடுவது எளிது. பாடச் சொன்னால் பாட்டு எங்கே என்று வித்வான்கள் கேட்பார்களே! அதனால் இந்தப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்போடு தொகுதி தொகுதியாக அச்சிட்டது. சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது 1943இல். என் கணிப்பில், தமிழிசை இயக்கத்தின் மேடைப்பேச்சுகளைவிட இந்தச் சுரக்குறிப்புப் புத்தகங்களே அதிகம் சாதித்தன.

அறிவியல் படித்தவர்களுக்கு ஒருவரை நினைவூட்ட வேண்டும். மட்டக்களப்புக்கு அருகே காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1931இல் இங்கே தமிழ்ப் பேராசிரியராக வந்தார். அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டதாரி. மறைந்துபோன பழந்தமிழ் யாழ்களின் அமைப்பையும் சுருதிகளையும் சிலப்பதிகாரத்திலிருந்து கணக்கிட்டு மீட்கக் கணிதமும் இயற்பியலும்தான் அவருக்குக் கைகொடுத்தன. பல ஆண்டு உழைப்பில் உருவான யாழ்நூல் 1947இல் வெளியானது. சில வாரங்களில் அவர் மறைந்தார். உடனடிப் பலன் என்ன என்று கேட்கும் எந்தத் திட்ட அறிக்கையிலும் இப்படிப்பட்ட ஆய்வு தேறியிருக்காது.

இன்று என்ன செய்ய வேண்டும்? குளிரூட்டிய அரங்கம் கட்டுவது நல்லதுதான். திறப்பு விழாவும் கல்வெட்டும் அதற்குக் கிடைக்கும். ஆனால் ஓய்வுபெற்ற மிருதங்க ஆசிரியரின் பணியிடத்தை நிரப்பினால் யாரும் நாடா வெட்ட மாட்டார்கள். அதனாலேயே அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. ஒலிநாடாக்களின் நிலையும் இதுதான். பெரிய வித்வான்களின் பாட்டும் பாடமும் பதிவான நாடாக்கள் எத்தனையோ அலமாரிகளிலும் வீடுகளிலும் கிடக்கின்றன. நம்முடையது கடற்கரை மாவட்டம். ஈரக்காற்றில் நாடாவில் பூசணம் பிடிக்கும், பூசிய காந்தப் படலம் உரியும். அவற்றை எண்ணிமப்படுத்த ஒரு சிறிய அறையும் பயிற்சி பெற்ற இரண்டு பேரும் போதும். கணினி படித்தவர்களே, இது உங்கள் வேலை.

அடுத்து, கருவி செய்கிறவர்கள். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே நரசிங்கம்பேட்டை இருக்கிறது. அங்கே செய்யப்படும் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் முதிர்ந்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைகிறார்கள். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை கேட்டதற்காக ரங்கநாதன் ஆசாரி பாரி என்னும் நாகசுர வகையை உருவாக்கியது அந்த ஊரில்தான். வாசித்தவர் பெயர் உலகமறிந்தது. கடைந்தவர் பெயரை எத்தனை பாடத்திட்டங்கள் சொல்கின்றன? கருவி செய்கிறவரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து, பட்டறை கொடுத்து, ஆசிரியருக்குரிய மதிப்பூதியமும் கொடுக்க வேண்டும். பழைய வீடுகள் தீர்ந்துபோனால் ஆச்சா மரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை வேளாண்மை படித்தவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இசை பயின்று பட்டம் பெறும் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு கோரிக்கை. உங்கள் ஆசிரியர் சொல்லிக்கொடுத்த பாடாந்தரத்தை, அவர் இருக்கும்போதே, அவரை உட்கார வைத்துப் பதிவு செய்துவிடுங்கள். ஊர், தேதி, இராகம், தாளம், யாரிடம் கற்றது என்று எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒன்று உண்டு. ஊருக்குப் போனதும் உங்கள் கோயிலில் தீபாராதனை நேரத்தில் நில்லுங்கள். மேளம் அடிப்பது மனிதரா, சுவரில் மாட்டிய மோட்டாரா என்று பாருங்கள். மோட்டார் என்றால், நாகசுரமும் தவிலும் வாசிக்கும் பணியிடங்கள் எப்போதிலிருந்து காலியாக இருக்கின்றன என்று செயல் அலுவலரைக் கேளுங்கள். அவற்றை நிரப்பக் கோரி ஊரார் கையெழுத்தோடு மனு கொடுங்கள். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கத் தொடங்கியதும், முன்னாள் மாணவர் என்ற உரிமையோடு இந்த இசைத்துறைக்கு எழுதி, எந்தக் கருவிக்கு ஆசிரியர் இல்லை என்று கேட்டு, உங்களால் ஆனதை அனுப்புங்கள்.