முதலில் யாருக்குப் பயிற்சி?

(தருமபுரியில் இளைஞர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தொழிலதிபர்களுக்கும் மேலாளர்களுக்கும் இப்போது உயர்நிலைப் பயிற்சிகள் நிறைய நடக்கின்றன. நட்சத்திர விடுதியில் இரண்டு நாள், மூன்று நாள். கல்வி, திறன், மனிதவளம் என்று தலைப்புகள். அங்கே அதிகம் கேட்கும் புலம்பல், படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு வேலைத்திறன் இல்லை என்பது. குறை எப்போதும் வேலை கேட்டு வருபவரிடம்தான். வேலை கொடுப்பவருக்கு என்ன தெரியவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

நம் மாவட்டத்தைக் காட்டி அந்தப் புலம்பலை நியாயப்படுத்துவது எளிது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.5 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே கடைசி. ஓசூரில் ஆலைகள் வந்தபோது அது நம் மாவட்டம். 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது, ஆலைகளும் அந்தப் பக்கம் போயின. நமக்கு மிஞ்சியது பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிற பேருந்து. இப்போது இங்கேயும் சிப்காட் என்கிறார்கள். வரட்டும். ஆனால் வாசலில் நின்று ஆள் எடுக்கப் போகிறவர் யார்?

படித்துவிட்டால் போதுமா என்பதற்கு ஒரு சோதனை நடந்திருக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் செய்தது, 2007இல் வெளியானது. நாளிதழ் விளம்பரங்களைப் பார்த்து தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே மாதிரிப் படிப்பு, ஒரே மாதிரி அனுபவம், பெயர் மட்டும் வேறு. தலித் என்று தெரியும் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இங்கே எந்தத் திறன் குறைந்தது?

அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். எல்லோரும் தகுதிதான் முக்கியம் என்றார்கள். கூடவே, கிட்டத்தட்ட எல்லோரும் குடும்பப் பின்னணியையும் பார்ப்பதாகச் சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார்? சொந்த ஊர் எது? நம் ஊரில் இதை இன்னும் சுருக்கமாகக் கேட்பார்கள்: "ஊரா, காலனியா?" மேலாளர் கேட்டால் அதற்குப் பெயர் நேர்காணல்!

வேலை கிடைத்து, கையில் காசு வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். நத்தம் காலனிக்கு அவர்களை அழைத்துப் போங்கள். அங்கும் அண்ணா நகர், கொண்டம்பட்டியிலும் பல குடும்பங்கள் பெங்களூர் போய் உழைத்துக் கட்டிய வீடுகள் அவை. உள்ளூர் நிலத்தை நம்பி நிற்காத வாழ்க்கை. 2012 நவம்பர் 7 அன்று எரிக்கப்பட்டவை அந்த வீடுகளும் பீரோக்களும் வண்டிகளும்தான். பிள்ளைகளின் சான்றிதழ்களும் சாம்பலாயின. சம்பாதித்ததே குற்றமாகத் தெரிந்தது.

2006இல் தனியார் துறை இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு எழுந்தபோது, தொழில்துறைக் கூட்டமைப்புகள் சட்டம் வேண்டாம், நாங்களே மனமுவந்து செய்கிறோம் என்றன. பயிற்சி தருகிறோம், உதவித்தொகை தருகிறோம் என்றன. கவனியுங்கள், அதிலும் பயிற்சி நமக்குத்தான். 2012இல் ஆயிரம் பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. 92 விழுக்காட்டுக்கு மேல் முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்ந்தே 3.5. மனமுவந்ததன் லட்சணம் இது.

மேலாளர்களுக்குச் சாதி பற்றிப் பாடம் நடத்தவே முடியாதா? முடியும். 2020இல் கலிபோர்னியாவில் சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்கு வந்த பிறகு, ஐபிஎம் தன் உலகளாவிய விதிகளில் சாதியைச் சேர்த்தது. இந்தியாவில் உள்ள மேலாளர்களுக்கு நடத்தும் பயிற்சியிலும் சாதி இடம்பெற்றது. அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கு வந்தால்தான் இது உறைக்கிறது. அதியமான்கோட்டையில் உறைக்க நாம்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

எனவே, சிப்காட்டுக்கு வரும் நிறுவனங்களிடம் அரசு எழுதி வாங்க வேண்டியவை இவை. ஆள் எடுப்பவருக்கும் மேற்பார்வையாளருக்கும் முதல் பயிற்சி சாதி பற்றி. நேர்காணலில் ஊர், தெரு, அப்பா தொழில் கேட்கக் கூடாது. ஆண்டுதோறும் நிரந்தரப் பணியில் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் எத்தனை பேர், எந்தச் சமூகத்தினர் என்ற கணக்கை வெளியிட வேண்டும். கூட்டும் வேலையில் மட்டும் நம் ஆட்களை நிரப்பிவிட்டு உள்ளூர் வேலைவாய்ப்பு என்று கணக்குக் காட்டுவதற்கு அப்போதுதான் வழி இருக்காது.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். மனு இந்த மேசையில் இருக்கிறது. படித்துப் பாருங்கள், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள், பிறகு கையெழுத்துப் போடுங்கள்.