கண் மங்கினால் காத்திருக்க வேண்டாம்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழா மகிழ்ச்சியின் நடுவே நோயைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணலாம். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கோயிலுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் இன்று முதியவர்களாய் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பார்வை மங்கி வருகிறது. "வயதானால் கண் மங்கத்தானே செய்யும்? புரை முற்றட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று நம் வீடுகளில் சொல்லிவிடுகிறோம். இந்த ஒரு பேச்சால் நாம் இழக்கும் பார்வை கொஞ்சமல்ல.

முதலில் கண்புரையை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்சு, கண்ணாடி போல் தெளிவாக இருக்கவேண்டியது, வயதாக ஆகப் பனி படர்ந்ததுபோல் மங்குகிறது. அதுவே புரை. சொட்டு மருந்தாலோ பத்தியத்தாலோ அது கரையாது. அறுவை ஒன்றே வழி. முன்னாளில் புரை முற்றும்வரை காத்திருக்கச் சொன்னது உண்மைதான். அன்று லென்சை முழுவதுமாக எடுத்துவிட்டு, 'சோடா புட்டி'க் கண்ணாடியை மாட்டி அனுப்பினார்கள். இன்று நிலை வேறு. போர் விமானிகளின் கண்ணில் தெறித்த ஒருவகைப் பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணுக்குத் தீங்கு செய்யாமல் இருந்ததைக் கவனித்த ஹரால்டு ரிட்லி என்னும் மருத்துவர், 1949ஆம் ஆண்டு இலண்டனில் முதன்முதலாகச் செயற்கை லென்சைக் கண்ணுக்குள் பொருத்தினார். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்ற கூடத்தை அமைத்து அந்த லென்சை இங்கேயே செய்யத் தொடங்கியது. ஏழைக்கும் அது எட்டியது. ஆகவே, அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகும்போதே அறுவை செய்துகொள்ளலாம். அளவுக்கு மீறி முற்றவிட்டால் கண்ணில் அழுத்தம் ஏறி, வலியும் சிவப்பும் கண்டு, பார்வையே போய்விடவும் கூடும்.

புரையால் மறைந்த பார்வை பெரும்பாலும் திரும்ப வரும். ஆனால் எல்லா மங்கலும் புரையல்ல. நாம் பயப்படவேண்டிய நோய் இன்னொன்று உண்டு. அதுதான் கண் அழுத்த நோய். மருத்துவர்கள் கிளாக்கோமா என்பார்கள். கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் சுரந்து, ஓயாமல் வடிந்துகொண்டிருக்கிறது. வடிகால் அடைத்துக்கொண்டால் அழுத்தம் மிகுந்து, பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் சாகிறது. வலி இராது, சிவப்பு இராது. ஓரப்பார்வை முதலில் போவதால், செய்தித்தாள் படிக்கிறவரே நிலைப்படியில் இடித்துக்கொள்வார். "புரைதான்" என்று வீட்டில் உட்கார்ந்திருப்பார். இவ்வாறு போன பார்வையை எந்த மருத்துவராலும் மீட்டுத்தர இயலாது. எஞ்சியிருப்பதைச் சொட்டு மருந்தாலோ, லேசராலோ, அறுவையாலோ காக்கலாம், அவ்வளவே. அழுத்தம் சரியாக இருந்தும் இந்நோய் வருவதுண்டு. ஆதலால் நரம்பையும் சோதிக்கவேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இது இருந்தால், நாற்பது வயதைத் தாண்டிய நாம் தவறாமல் சோதித்துக்கொள்வோம். திடீரென்று கண்ணில் கடும் வலி, சிவப்பு, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் இவை கண்டால் மறுநாள் வரை பொறுக்கலாகாது. அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

மூன்றாவது சர்க்கரை நோய். அது விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. பார்வை நன்றாயிருக்கும்போதே உள்ளே கேடு தொடங்கிவிடும். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கண்மணியை விரியவைக்கும் மருந்து விட்டு விழித்திரையைச் சோதித்துக்கொள்ளவேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படித்துக் காட்டுவது இதற்கு ஈடாகாது. நாற்பதுக்கு மேல் கிட்டத்து எழுத்து தெரியாமற்போகும் வெள்ளெழுத்துக்கு மட்டும் கண்ணாடி போதும். ஆனால் அதற்காகப் போகும்போதே அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்க்கச் சொல்வது நல்லது.

வயலில் உழைப்போருக்கு ஒரு சொல். கதிரடிக்கையில் நெல் உமியோ, வைக்கோலோ, முள்ளோ கண்ணில் பட்டால் கருவிழியில் புண்ணாகலாம். அப்போது தாய்ப்பாலோ, விளக்கெண்ணெயோ, பச்சிலைச் சாறோ விடுவதை நிறுத்துவோம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தையும் விடவேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் பூஞ்சைப் புண் வேகமாய்ப் பரவும். நாள்பட விட்டால் கண் அழுத்தமும் புரையும் அதனாலேயே வரும். புண் ஆறினாலும் பூ விழுந்த கண்ணுக்கு, இறந்தவர் தானமாகத் தந்த கருவிழியே பெரும்பாலும் மருந்து. உயிர் பிரிந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால், ஒருவர் கண்கள் இருவருக்கு ஒளி தரும். கண்ணாடி அணிந்தவரும், புரை அறுவை செய்துகொண்டவரும் தரலாம்.

பிள்ளைகளையும் மறக்கலாகாது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று மகிழ்ந்திருப்பது தவறு. சிறுவயதிலேயே சிகிச்சை செய்யாவிட்டால் அந்தக் கண் பார்க்கப் பழகாமலே சோம்பிப்போகும். குழந்தையின் கண்மணியில் வெண்மை தெரிந்தால் ஒருநாளும் தாமதிக்கவேண்டாம். அது உயிருக்கே ஆபத்தான கட்டியாக இருக்கலாம். அந்தி மயங்கினால் தடுமாறும் மாலைக்கண் நோய், வைட்டமின் ஏ குறைவால் வருவது. முருங்கைக்கீரையும் பப்பாளியும் மாம்பழமும் நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. சென்னையில் 1819இலேயே கண் மருத்துவமனை தொடங்கிய நாடு நம்முடையது. 1976 முதல் நடுவண் அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் நடந்து வருகிறது. அரசு மருத்துவமனைகளில் புரை அறுவைக்குக் கட்டணம் இல்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் நாம் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்வோம். ஒரு கண்ணைக் கையால் பொத்தி, சுவரிலுள்ள நாள்காட்டியைப் பார்ப்போம்; பிறகு மறுகண்ணால் பார்ப்போம். ஒரு கண் கெட்டாலும் மறுகண் அதை மறைத்துவிடுவதால்தான் பலருக்கு அது தெரிவதில்லை. இந்தச் சோதனையில் தேறினாலும், நாற்பது கடந்தவர்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டவேண்டும். ஓரப்பார்வை குறைவதை நாள்காட்டி சொல்லாது. பாட்டியும் தாத்தாவும் "எனக்கு இனி எதற்கு? என்னைக் கூட்டிப்போக யாருக்கு நேரம்?" என்பார்கள். வேலையை ஒருநாள் விட்டுவிட்டு அவர்களைக் கைப்பிடித்து அழைத்துப்போவது மக்களாகிய நம் கடமை. புரை என்றால் மகிழ்ச்சி, பார்வை திரும்பும். வேறு நோயென்றால், மிச்சமுள்ள பார்வையையாவது காத்துக்கொள்வோம்.