குழாயை எடுத்த பிறகு

(போடிநாயக்கனூர் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு கடந்து ஏலத்தோட்டம் போகிறோம். பிள்ளை இருமினால் மலைக்குளிர் என்று விட்டுவிடுகிறோம். 1 வயதுக்குட்பட்ட குழந்தை நிமிஷத்துக்கு 50 தடவை, 5 வயதுக்குட்பட்டது 40 தடவை மூச்சு வாங்கினால் அது நிமோனியாவாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

சில பிள்ளைகளுக்கு விலாவுக்குள் சீழ் கட்டுகிறது. குழாய் போட்டு வடிக்கிறார்கள். "இவன் நெஞ்சு இனி உருப்படுமா?" என்று தாய் கேட்கிறாள். பெரும்பாலும் உருப்படும். வளரும் நுரையீரலுக்கு அந்தச் சக்தி உண்டு; அநேகமாக 6 மாதத்துக்குள் எக்ஸ்ரே தெளிந்துவிடும். ஆனால் எல்லோருக்கும் அல்ல. சிலருக்கு மூச்சுக்குழல் சிதைந்து விரிந்து, சளி தேங்கி, ஜுரம் திரும்பத் திரும்ப வருகிறது. 4 வாரம் தாண்டியும் சளியோடு இருமினால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

நாம் செய்வது என்ன? ஜுரம் நின்றதும் மருந்தை நிறுத்துகிறோம். மறுபரிசோதனை நாளில் தோட்டத்துக்குப் போகிறோம். போகாவிட்டால் அன்றைய கூலி போச்சே! அந்த நாளுக்குச் சம்பளத்தோடு லீவு கேட்பதும் கூலிக் கோரிக்கைதான்.

நிமோனியாவின் பெரிய காரணமொன்றைத் தடுக்கும் பி.சி.வி. ஊசி 2021 முதல் தமிழகத்தில் இலவசம்: 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம். கேரளப் பக்கம் லயத்தில் தங்கினாலும் அங்கேயே போடுவார்கள். அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். விறகுப் புகையில் பிள்ளையைக் கிடத்தாதீர்கள். ஆண்களே, பீடியை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.