கையெழுத்திடாத சகோதரிகள்
வீடு வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டியவை

(நமது பள்ளிவாசலில் நடைபெற்ற மஹல்லா கூட்டத்தில் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

நாம் மதரஸாவில் ஓதியவர்கள். சட்டக் கல்லூரியில் பயின்றவரல்லோம். ஆயினும் அஸருக்குப் பின் நம் அறைக்கு வருவோரில் பலர் கொண்டுவருவது வீட்டுப் பத்திரம் பற்றிய கேள்வியாகவே இருக்கிறது. அவற்றுள் ஒன்று நம் உறக்கத்தைக் கெடுத்தது. அதையே முதலில் சொல்கிறோம்.

வெளிநாட்டில் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய சகோதரர் ஒருவர் ஒரு வீடு வாங்கினார். விற்றவர்கள் ஒரு தாயும் அவருடைய மகனும். பட்டா மகன் பெயரில் இருந்தது. வில்லங்கச் சான்றில் கடனோ அடைமானமோ இல்லை. கிரயப் பத்திரம் முறையாகப் பதிவாயிற்று. குடிபுகும் நாளில் துஆ ஓதியவர்கள் நாமே. ஏழாண்டுகள் கழித்து நீதிமன்ற அழைப்பாணை வந்தது. இறந்துபோன தந்தைக்கு இரண்டு பெண் மக்கள் இருந்தனர். அவர்கள் கையெழுத்திடவும் இல்லை. விற்ற பணத்தில் ஒரு காசு பெறவும் இல்லை.

எவ்வளவு வாங்கினார்?

தந்தை இறந்த கணத்திலேயே சொத்து வாரிசுகளுக்குரியதாகிவிடுகிறது. மையித்தின் அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை போக எஞ்சியதே பங்கிடப்படும். மனைவிக்குக் கொடுபடாத மஹரும் கடனே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

இக்குடும்பத்தின் வீட்டை 32 பங்காக வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 4 பங்கு. எஞ்சிய 28இல் மகனுக்கு 14. மகள்கள் இருவருக்கும் தலைக்கு 7. தாயும் மகனும் விற்க உரிமை பெற்றிருந்தது 18 பங்குக்கு மட்டுமே. நம் சகோதரர் 32 பங்குக்கும் பணம் கொடுத்து, 18 பங்கை மட்டும் வாங்கியிருக்கிறார்! இது மார்க்கத்தின் கணக்கு மட்டுமன்று. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி முஸ்லிம்களின் வீட்டுக்கு நீதிமன்றமும் இக்கணக்கையே பார்க்கும். தனக்கில்லாத உரிமையை ஒருவர் பிறருக்கு விற்க முடியாது. பதிவு செய்துவிட்டதால் மட்டும் இல்லாத உரிமை வந்துவிடாது.

மகனிடம் கேட்டோம். “கல்யாணத்தின்போது சீர் செய்து அனுப்பிவிட்டோமே ஹஜ்ரத்” என்றார். சீரும் நகையும் அன்பளிப்பு; அவை வாரிசுப் பங்கை அழிக்க மாட்டா. தந்தை உயிரோடிருக்கும்போது “எனக்குப் பங்கு வேண்டாம்” என்று மகள் எழுதிக் கொடுத்திருந்தாலும், அப்போது அவளுக்குப் பங்கே பிறக்கவில்லை; ஆதலால் அதைச் சட்டமும் பொதுவாக ஏற்பதில்லை. தந்தை மறைந்தபின், தன் பங்கு இன்னதென அறிந்து, மனமுவந்து விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுத்தால் அது செல்லும். அண்ணனின் முகத்துக்கு அஞ்சி வாய்மூடி நிற்பது சம்மதமன்று.

பட்டா இருக்கிறதே, போதாதா?

போதாது. பட்டா வருவாய்த்துறையின் பதிவு. அதுவே உரிமை மூலமாகாது. வில்லங்கச் சான்றும் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பிரிக்கப்படாத வாரிசுப் பங்கு அதில் தெரியாது. முப்பது ஆண்டுகளுக்காவது வில்லங்கம் பாருங்கள். மூலப் பத்திரத்தைக் கேளுங்கள். அதில் உள்ள பெயர் விற்பவரின் பெயரன்றி அவருடைய தந்தையின் பெயராயின், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அது வாரிசுகள் யாரென்று சொல்லும். பங்கு எவ்வளவென்று சொல்லாது. அதிலுள்ள அனைவரும் கையெழுத்திடுகிறார்களா என்று பாருங்கள். அதில் ஒரு மகளின் பெயர் விடுபட்டதா என்பதை மஹல்லாவில் விசாரித்தும் தெரிந்துகொள்ளுங்கள். நம் நிக்காஹ் தஃப்தரில் அப்பெண்ணின் பெயரும் தந்தை பெயரும் இருக்கும்.

வாரிசுகளில் சிறுவர் இருந்தால்?

தந்தையை இழந்த பிள்ளைகளின் தாய், “வளர்ப்பவள் நான்தானே, என் கையெழுத்துப் போதாதா?” என்கிறார். பிள்ளைகளைப் பேணும் உரிமை வேறு. அவர்களுடைய சொத்தை விற்கும் அதிகாரம் வேறு. தந்தை, தந்தையால் நியமிக்கப்பட்டவர், தந்தையின் தந்தை, அவரால் நியமிக்கப்பட்டவர் ஆகியோரே யதீமின் சொத்துக்குச் சட்டப்படியான பாதுகாவலர்கள். இவர்கள் இல்லையேல் நீதிமன்றத்தில் மனுச் செய்து பாதுகாவலர் நியமனமும் விற்பனைக்கு அனுமதியும் பெற வேண்டும். தாய் தானாகவே செய்யும் விற்பனை பிள்ளைகளின் பங்கைக் கட்டுப்படுத்தாது என்று 1918ஆம் ஆண்டிலேயே இமாம்பந்தி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. யதீமின் சொத்தை அநியாயமாக உண்பது குறித்துச் சூரத்துன் நிஸா எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

“இந்த வீடு உனக்கு” என்று வாப்பா சொன்னார்

ஹிபா வாய்மொழியாகவும் செல்லும். ஆனால் கொடுப்பவர் அறிவித்தல், பெறுபவர் ஏற்றல், சொத்தை ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேற வேண்டும். சொல்லிவிட்டுக் கடைசிவரை தாமே அனுபவித்து மறைந்தால் அதை நிரூபிப்பது அரிது. ஆகவே வாழும்போதே எழுதிப் பதிந்துவிடுவதே நலம்.

பவர், ஒப்பந்தம், முன்பணம்

வெளிநாட்டிலிருப்போர் சகோதரருக்குப் பவர் கொடுக்கின்றனர். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளிக்கப்பட்ட பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் இங்கு முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். பவர் கொடுத்தவர் மவ்த்தாகிவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்துவிடும். பவர் பத்திரத்தையே கிரயமாகக் கருதி வீடு வாங்குவது உரிமை தராது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

கிரய ஒப்பந்தமும் வீட்டை உங்களுடையதாக்காது. கிரயம் கேட்கும் உரிமையை மட்டுமே தரும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அதனையும் பதிவு செய்தாக வேண்டும். முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியாகவே கொடுங்கள்.

வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணத்தை எடுத்துக்கொள்ளலாமா? ஒப்பந்தத்தில் அவ்வாறு எழுதியிருந்தால் சட்டம் இடமளிக்கலாம். மார்க்கத்திலோ ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி மத்ஹபுகள் இதனை அனுமதிக்கவில்லை. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் அனுமதித்தார்கள். நீதிமன்றம் தந்தாலும் திருப்பிக் கொடுப்பதே பேணுதல் என்பது நமது கருத்து.

வீட்டின் குறையை மறைத்து விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்குபவரின் கண்ணுக்கு எளிதில் புலப்படாத குறையையும், உரிமையில் உள்ள குறையையும் விற்பவர் சொல்லிவிட வேண்டும் என்றே 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் கூறுகிறது. “அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை” என்பது இரண்டு இடத்திலும் செல்லாது.

நாம் செய்ய வேண்டியது

அந்த வழக்கு எப்படி முடிந்தது? வாங்கியவர் அச்சகோதரிகளுக்குத் தம் கையிலிருந்து மீண்டும் பணம் கொடுத்து விடுதலைப் பத்திரம் பெற்றார். அதற்காகத் தம் மனைவியின் நகையை விற்றார். அந்தப் பெண்களில் மூத்தவர் நம்மிடம், “ஹஜ்ரத், நீங்கள் துஆ ஓதிய அன்று நானும் அந்தத் தெருவில்தான் இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை” என்றார். நம்மிடம் பதில் இல்லை.

கடனைக்கூட எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளக் கட்டளையிடும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தை ஓதும் சமுதாயம் நாம். வீட்டை வாய்ப்பேச்சில் விடலாமா? ஒரு வீட்டில் மவ்த்து நேர்ந்தால் காலந்தாழ்த்தாமல் பங்குகளைக் கணக்கிட்டு எழுதிவிடுங்கள். பங்கு கணக்கிட நம் அறைக் கதவு என்றும் திறந்திருக்கும். பத்திரங்களைச் சரிபார்க்க நல்லதொரு வழக்கறிஞரிடம் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவன்று.

இனி குடிபுகும் துஆவுக்கு நம்மை அழைப்போரிடம் நாம் ஒரு கேள்வி கேட்போம்: “விற்றவருடைய சகோதரிகள் கையெழுத்திட்டார்களா?” இதற்காக யாரும் வருந்த வேண்டாம். இக்கேள்வியை ஏழாண்டுகளுக்கு முன்னரே கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம்.

பிறர் பங்கு கலவாத வீடுகளில் நம்மைக் குடியிருக்கச் செய்து, அவற்றில் பரக்கத்தை வல்ல அல்லாஹ் பொழிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.